மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் மாட்டுவது

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி மலைக்கு வருவார். அவர் முன்னால் படகு ஒழுங்காக ஓடினால் என் மச்சினனுக்கு வேலை. வேலை கிடைத்தால் ரிஷிவந்தியத்துப் பெண். விஷயம் இவ்வளவுதான். இதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது என் கையிலிருந்த நாவலை வாங்கி பீரோவின் மேல் வைத்துவிட்டாள். அதில் கொலை நடந்து பதினாறு பக்கம்தான் ஆகியிருந்தது.

"நீங்க கூடப் போயி அந்த இங்கிலீஷ் புக்க படிச்சிச் சொல்லுங்க. மோட்டார அவன் பாத்துக்குவான்."

"எனக்கும் மோட்டாருக்கும் இன்னா சம்பந்தம்?"

"உங்களுக்கு எதுக்குதான் சம்பந்தம்? ரெண்டு நாளு லீவுதான. இங்க ஒக்காந்துக்கினு காலாட்டறத அங்க போயி ஆட்டுங்க."

காலாட்டுவது உண்மை. நாற்பத்தாறு வயதில் எனக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாத ஒரு கோளாறு வந்திருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு மருந்தும் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு இருப்பது என் பிழைப்பு. கோப்புகள் அசைவதில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் அசைய வேண்டும் என்று நான் அசைந்துகொண்டிருந்தேன்.

மச்சினன் சங்கராபுரத்தில் பம்புசெட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் அவன் இறங்காத கிணறு குறைவு. மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் குழாயில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை: மாப்பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், கிணற்றுக்குள் இருக்கிறார் என்று சொல்ல வேண்டியிருக்கும். கையில் ஆர்டர் வாங்கிய உத்தியோகம் ஒன்று அமையட்டும், தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது ஐப்பசி. அமையாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்க்கும் ஒருவருடைய ஜாதகம் அந்த வீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதாக எங்களுக்குத் தகவல் வந்திருந்தது.

கல்வராயன் மலைமேல் ஓர் ஏரி உண்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மிதிபடகில் ஏறிப் பாதி தூரம் மிதிப்பார்கள். மீதிப் பாதிக்குக் கால் இருக்காது. நடு ஏரியில் நின்றுபோனவர்களை இழுத்து வரவும், தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கி வரவும் புதிதாக ஒரு ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டும் பெட்ரோல் மோட்டாரும் வந்திருந்தன. அதை மாட்டி, ஓட்டி, பராமரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கேட்டு வந்தவர்களில் என்ஜின் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். படகு தெரிந்தவர் யாருமே இல்லை. எங்கள் பக்கத்தில் கடலும் கிடையாது, ஆறும் வருடத்தில் பாதி நாள் மணல்தான். 'மாட்டி வை, திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்' என்று ஏரிக்குப் பொறுப்பான அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாட்டுவது எப்படி என்பது ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் குடும்பத்தில் என்னிடம் இருந்தது. என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கொலைகாரனைக் கண்டுபிடிக்கலாம், பிரபு வீட்டு விருந்தில் எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று சொல்லலாம். போல்ட்டு நட்டு விஷயத்தில் அது இதற்கு முன் சோதிக்கப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். அவன் பைக் ஓட்ட, நான் பின்னால், நடுவில் ஸ்பேனர் மூட்டை. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறத் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஏதாவது ஒரு ஸ்பேனர் என் விலாவில் தன் நம்பரைப் பதித்தது.

"மாமா, பதினொன்னாம் நம்பர் எடுத்தாந்தமா?"

"எடுத்தாந்திருக்கோம். குத்துது."

படகு கரையில் இரண்டு பழைய டயர்களின் மேல் கிடந்தது. மோட்டார் மரப்பெட்டிக்குள் வைக்கோலில் படுத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தூக்கிப் படகின் பின்பலகையில் மாட்டினோம். தூக்கியது அவன், கூடவே நடந்தது நான். இரண்டு கிளாம்ப் திருகுகளையும் அவன் முறுக்கினான். திருகு கழன்றாலும் மோட்டார் ஏரிக்குள் போகாமலிருக்க ஒரு சங்கிலி போடச் சொல்லியிருந்தது. போட்டோம். பெட்ரோலில் ஆயில் கலக்கும் கணக்கைப் படித்தேன். "மொபெட்டுக்குக் கலக்கற மாதிரிதான், படிக்காதீங்க" என்றான். மோட்டாரின் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் இரும்புப் பின்னை எந்த ஓட்டையில் போடுவது என்று படித்தேன். தண்ணீருக்குள் இறங்கும் மோட்டாரின் கால் நேர்குத்தாக நிற்கும்படி போட்டான். நான் படகைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே படித்ததால் ஒவ்வொரு வாக்கியமும் அவனுக்கு ஒவ்வொரு திசையிலிருந்து கேட்டது.

"ஒரு எடத்துல நில்லுங்க மாமா. கோயில்ல சுத்தற மாதிரி சுத்திக்கினு."

நின்றேன். நின்ற இடத்தில் படித்ததுதான் முக்கியமான வாக்கியம். மோட்டாரின் காலில், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குச் சற்று மேலே, தட்டையாக ஒரு தகடு இருக்கும். படகின் அடிப்பாகம் எந்த மட்டத்தில் முடிகிறதோ அந்த மட்டத்தில் அந்தத் தகடு இருக்க வேண்டும். இதை இரண்டு தடவை படித்துச் சொன்னேன். அவன் மூட்டையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, ஒரு நேர்ச்சட்டத்தைப் படகின் அடியில் ஒட்டிப் பிடித்து, பின்னால் நீட்டிப் பார்த்தான். தகடு ஐந்து அங்குலம் கீழே இருந்தது. நீளக் கால் கொண்ட மோட்டார், குட்டையான பின்பலகை கொண்ட படகு. இரண்டையும் வாங்கியவர்கள் இரண்டு தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களாக இருக்க வேண்டும்.

"அஞ்சு இன்ச்சு எறக்கமா இருக்குது," என்றேன்.

"இருக்கட்டும் மாமா. நல்லதுதான?"

"மட்டமா இருக்கணும்னு போட்டிருக்கான்."

"மேல தூக்கினா காத்து இழுக்கும் மாமா. தண்ணில வேல செய்ற மிசினு எவ்ளோ ஆழமா நிக்குதோ அவ்ளோ நல்லது. எங்கயாவது புட்வால்வ மேல தூக்கிக் கட்டுவாங்களா?"

கட்ட மாட்டார்கள். இது எனக்கும் தெரியும். நைனார்பாளையத்தில் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் நான். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வும் இறங்கிக்கொண்டே போகும். ஒரு சாண் மேலே நின்றுவிட்டால் போதும், குழாய் காற்றை இழுக்கும், மோட்டார் வெறும் சத்தம் போடும். பிறகு குழாயில் சாணியைக் கரைத்து ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன் சாணி கரைத்தவன் நான்தான். அந்த மணத்தோடு போய்த்தான் நான் ஆங்கிலம் கற்றேன். ஆகவே என் உடம்பின் ஒவ்வொரு அணுவும் மச்சினன் கட்சியில் சேர்ந்தது. போதாததற்கு அதே பக்கத்தின் கீழே, மோட்டார் மிக மேலே இருந்தால் விசிறி காற்றை இழுக்கும் என்று எச்சரிக்கை வேறு போட்டிருந்தது. அதை வெற்றிக்குரலில் படித்தேன்.

"பாத்தியா, அவனே சொல்றான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"இதெல்லாம் அவுங்க ஊரு ஏரிக்கு எழுதனது," என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். அவர்கள் ஊர் ஏரியில் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. புத்தகத்தை நம்பி வாழ்க்கையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். புத்தகம் சரியாகச் சொன்ன ஒரு தடவை அதை மூடி ஸ்பேனர் மூட்டையில் வைத்தேன்.

படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன், ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதற்குள் விட்டு ஓட்டிப் பார்த்தோம். கயிற்றை இரண்டு தடவை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் மெல்லிய கம்பியாகப் பீச்சியது. என்ஜினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் அது. மச்சினன் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"தண்ணி தள்ளுது மாமா. இதுவும் பம்புசெட்டுதான்."

சனிக்கிழமை எங்களுக்குத் தெரிந்த கடைசி நல்ல செய்தி அது. ராத்திரி வீட்டில் என் மனைவி அவனுக்கு இரண்டு முட்டை வைத்தாள், எனக்கு ஒன்று. அவன் இரண்டையும் தொடவில்லை. மோட்டார் மோட்டார் என்று பேசிக்கொண்டே இருந்தான். திடீரென்று நிறுத்தி, "அக்கா, அந்த சொசைட்டிக்காரன் பர்மனென்டா?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகைத் தண்ணீரில் தள்ளினோம். அவன் பின்னால் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தான். படித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக நானும் பின்னால் உட்கார்ந்தேன். பெட்ரோல் டேங்கும் பின்னால். கைப்பிடியை முறுக்கியதும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, எங்களுக்கு ஏரியே தெரியவில்லை.

"மாமா, நீங்க முன்னாடி போங்க. வெயிட்டு வேணும்."

என்னை ஒருவர் வெயிட்டு என்ற முறையில் முன்னால் அழைத்தது அதுதான் முதல் தடவை. தவழ்ந்து முன்னால் போனேன். எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அது கிணற்று நீச்சல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூக்கு இறங்கியது. படகு மட்டும் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் நிற்கவும் இல்லை. மோட்டார் மூச்சுத் திணறுவது போல முனகியது, பின்னால் தண்ணீர் தோகை போல எழும்பி மச்சினன் முதுகை நனைத்தது, கைப்பிடியைத் திருப்ப அவன் இரண்டு கையாலும் மல்லுக்கட்டினான். கரையில் ஓர் எருமை எங்களுக்கு இணையாக நடந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அது அவசரத்திலும் இல்லை.

கரைக்கு வந்ததும் அவன் மூட்டையை அவிழ்த்தான். கார்பரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றினான். பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினான். மறுபடி தண்ணீரில் இறக்கினோம். மறுபடி எருமை. மறுபடி கார்பரேட்டர். எனக்கு நிலைகொள்ளவில்லை. ஏரிக்கரையிலிருந்து டீக்கடைக்கும், டீக்கடையிலிருந்து ஏரிக்கரைக்கும் நடந்தேன். டீக்கடை வைத்திருந்த மலைக்காரப் பெண்மணி அடுப்பை விட்டுக் கண்ணெடுக்காமல் பேசுகிறவர்.

"ஒக்காருங்கண்ணா. பெஞ்சு கடிக்காது."

"இல்ல, அவசரம்."

"இன்னா அவசரம்? போறீங்க, வர்றீங்க. அங்கயும் ஒண்ணும் நடக்கல, இங்கயும் ஒண்ணும் நடக்கல."

ஒரு கோப்பின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டிய வாசகம். நான் நின்றபடியே டீயைக் குடித்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று மூட்டையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருந்தது: இந்த இந்தக் கோளாறுக்கு இந்த இந்தக் காரணம். படகு மெதுவாகப் போகிறது, பின்னால் தண்ணீர் எழும்புகிறது, திருப்பக் கடினமாக இருக்கிறது. மூன்றுக்கும் எதிரே ஒரே காரணம். மோட்டார் அளவுக்கு மீறி ஆழத்தில் இருக்கிறது.

பிளக்கை நான்காவது தடவை கழற்றிக்கொண்டிருக்கும் ஒருவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏரிக்கும் கடைக்கும் நடுவில் இன்னும் இரண்டு நடை நடந்தேன். கடைசியில் சொன்னேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இத நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்தே சொன்னேனே."

"சொன்னீங்க. சொல்லிட்டு நீங்களே அவுங்க ஊரு ஏரி வேறன்னீங்க."

"நீ புட்வால்வுன்ன."

"நான் படிக்காதவன் மாமா. புட்வால்வுன்னுதான் சொல்லுவேன். நீங்க எதுக்கு ஆமான்னீங்க?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அவன் மோட்டாரின் கால் எதிரே குந்தி, தகட்டிலிருந்து விசிறி வரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் பேசினான்.

"கெணத்துல மிசினு நிக்கும், தண்ணி ஓடும். இங்க தண்ணி நிக்குது, மிசினு ஓடுது. அப்போ இந்தக் காலு தண்ணிக்குள்ள எவ்ளோ ஜாஸ்தி இருக்குதோ அவ்ளோ இழுக்கும். பிரேக்கு மேல கால வெச்சிக்கினே வண்டி ஓட்டற மாதிரி." எழுந்து நின்றான். "மாமா, அஞ்சு இன்ச்சு தூக்கணும். பலக வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மலைமேல் பலகைக்கு எங்கே போவது? கச்சிராயபாளையம் இறங்கி, பூட்டிய மரக்கடையைத் திறக்க வைத்து, மறுபடி ஏறினால் இருட்டிவிடும். நான் எதற்கும் கடையை நோக்கி நடந்தேன், பழக்கம்தான். அங்கே போய் நின்றபோது அந்தப் பெஞ்சு கண்ணில் பட்டது. பலா மரம், ஒன்றரை அங்குலக் கனம், கோணல் இல்லாதது.

"யக்கா," என்று மச்சினன் ஆரம்பித்தான். எனக்குப் பின்னாலேயே வந்திருந்தான். வேலை, அதிகாரி, ரிஷிவந்தியம், தை மாதம், சொசைட்டிக்காரன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அந்தம்மா பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு இன்னா சொல்லுது?"

"சரின்னுதான் சொல்லுது."

"அப்ப எடுத்துக்கினு போ. ஒரு வாரத்துல புது பெஞ்சு வரணும்." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணனுக்கு நஷ்டமில்ல. காலையிலருந்து ஒரு தபா கூட ஒக்காரல."

பெஞ்சை அறுத்து, பின்பலகையின் மேல் ஐந்து அங்குலம் உயரும்படி நிறுத்தி, இரண்டு பக்கமும் பட்டை கொடுத்து, கை டிரில்லால் ஓட்டை போட்டு, போல்ட்டுகளை அந்தப் பக்கம் வரை விட்டு முறுக்கினான். மோட்டாரை அதன் மேல் ஏற்றினோம். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் தகடு அடிப்பாகத்தோடு மட்டமாக நின்றது. எங்கள் இருவர் கண்ணுக்கும் அது கேவலமாக, அந்தரத்தில் தொங்குவதாகத்தான் பட்டது. புத்தி ஒப்புக்கொண்டாலும் கண் ஒப்புக்கொள்ள நாளாகும். காற்று இழுத்தால் என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை. நானும் சாணி என்று சொல்லவில்லை. படகைத் தண்ணீரில் தள்ளினோம், அவன் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தான்.

முறுக்கினான். மூக்கு ஒரு கணம் எழும்பி, தானாக இறங்கி, படகு தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது என் இரண்டு கைகளும் எதைப் பிடித்திருந்தன என்பதுதான். படகின் விளிம்பை, இரண்டு பக்கமும். மோட்டாரின் ஓட்டையிலிருந்து தண்ணீர்க் கம்பி அறுபடாமல் வந்துகொண்டிருப்பதாக அவன் பின்னாலிருந்து கத்திச் சொன்னான். காற்றை இழுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். அதிகாரி பத்து மணிக்குப் பதிலாகப் பதினொன்றரைக்கு வந்தார். இடையில் ஒன்றரை மணி நேரம் மச்சினன் துடைத்த இடத்தையே துடைத்தான், நான் நடந்த இடத்திலேயே நடந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். படகைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பின்னால் போய் மோட்டாரைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"இன்னாப்பா இது? இவ்ளோ மேல மாட்டி வெச்சிருக்க?"

"அளவுதாங்க ஐயா."

"இன்னா அளவு? காத்து இழுக்காதா? நானும் கெணத்துக்காரன்தான், எனக்குத் தெரியாதா? எங்க வூட்டுல ரெண்டு செட்டு ஓடுது. கீழ எறக்கு. நல்லா ஆழமா எறக்கு."

சனிக்கிழமை நாங்கள் பேசியது வார்த்தை மாறாமல் திரும்பி வந்து, இப்போது ஒரு பதவியோடு எங்கள் எதிரே நின்றது. என் மனம் சட்டென்று கணக்குப் போட்டுவிட்டது. இறக்கிவிட்டால் என்ன? படகு ஊர்ந்து போகும், அவ்வளவுதானே. ஊர்ந்தாலும் ஓடுவதுதான். அவர் சொன்னபடி செய்தவனுக்கு அவர் வேலை கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்? எருமை முந்திப் போனால் போகட்டும், எருமை விண்ணப்பிக்கவில்லை. சரி என்று சொல்லிவிடு என்பதற்கு அடையாளமாக மச்சினன் காலை அழுத்தி மிதித்தேன்.

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"எறக்கிடறேங்க ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு தபா இப்பிடியே பாத்துடுங்க. கெணத்துல மோட்டாரு மாட்டனா, டிரம்மு வெச்சி, அது நெரம்ப எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாப்போம் இல்லிங்களா? அது மாதிரி. மேல ஒரு தபா, கீழ ஒரு தபா. எது சீக்கிரமோ அதுவே இருக்கட்டும்."

டிரம் என்றதும் அதிகாரி முகத்தில் ஓர் அசைவு. கிணற்றுக்காரருக்கு அந்தச் சோதனையை மறுக்க வழியில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சரி, ஓட்டு."

அக்கரையோரம் ஒரு காலி பெயின்ட் டப்பாவை மிதக்கவிட்டோம். போய் அதை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். பாரம் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அதிகாரி விதி போட்டார். ஆகவே இரண்டு தடவையும் முன்னால் நான். முதல் தடவை நாங்கள் திரும்பியபோது அவர் கையில் டீ இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அடுத்து டப்பாவை மறுபடி அக்கரையில் விட்டுவந்து, பலகையைக் கழற்றி மோட்டாரைக் கீழே இறக்க அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் அதிகாரி என்னிடம் கரும்பைப் பற்றிப் பேசினார். நான் எதற்கெல்லாம் தலையாட்டினேனோ தெரியாது. இரண்டாவது தடவை நாங்கள் டப்பாவை எட்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டாவது டீ வாங்கியிருந்தார். கரைக்கு வந்தபோது டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டு, ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

மச்சினன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றான். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"யாராவது தண்ணில வுழுந்துட்டா நான் எதுல வரணும்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

அந்த வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டாம். சோதனையே சொல்லிவிட்டது. அதிகாரிகளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது என் இருபத்திரண்டு வருட உத்தியோக அனுபவத்தின் மொத்த விளைச்சல். அவர் ஏரியைப் பார்த்தார். நடுவில் ஒரு மிதிபடகு மிதிப்பாரின்றி நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு குடும்பம், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி.

"மேலயே மாட்டு," என்றார் கடைசியில். "அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடி. டீக்கடை பெஞ்சு மாதிரி இருக்குது."

"டீக்கடை பெஞ்சுதாங்க ஐயா," என்றேன் நான். அந்த மூன்று நாளில் யாரும் கேட்காமல் நான் சொன்ன ஒரே உண்மை.

அவர் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தியபின், ஜன்னல் வழியாக மச்சினனிடம், "புதன்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட்டு எல்லாம் எடுத்துக்கினு ஆபீசுக்கு வந்துடு. ஆர்டர் போட்டுடலாம்" என்றார். ஜீப் வளைவு திரும்பும் வரை நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். பிறகு அவன் போய்ப் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"மாமா."

"இன்னா?"

"அப்பவே சரிங்கன்னு சொல்லி எறக்கியிருந்தா வேல கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

"சொல்லாமலும் கெடச்சிது."

"ஆமா."

"அப்போ நீங்க எதுக்கு என் கால அந்த மிதி மிதிச்சீங்க?"

செருப்பைக் கழற்றிக் காண்பித்தான். பெருவிரல் நகத்தின் ஓரம் கன்றிச் சிவந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். சொல்வதற்கு இரண்டு மூன்று காரணங்கள் தோன்றின, எல்லாம் நன்றாகப் படித்தவன் சொல்லக் கூடியவை. அவற்றை விட்டுவிட்டு ஸ்பேனர் மூட்டையிலிருந்து பதினொன்றாம் நம்பரை எடுத்து அவனிடம் கொடுத்தேன். பலகையை மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. நடு ஏரியில் அந்தக் குடும்பம் கையை ஆட்டத் தொடங்கியிருந்தது.